நூறு கையெழுத்து

எங்கள் ஊரில் கிராம சபைக் கூட்டம் என்றால் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கதவைச் சாத்திக்கொண்டு டீ குடிப்பதுதான். பிறகு கையெழுத்து நோட்டு வீடு வீடாக வரும். அதைத் தூக்கி வருகிறவள், தெருக்குழாய்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலுத்தாய்.

அன்றைக்குத் தலைவர் சங்கிலி அவளைக் கூப்பிட்டார். "பன்னிரண்டு மணிக்குள்ள நூறு கையெழுத்து வேணும். எதுக்குன்னு ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. விட்டா வேலை போயிரும்." ஊர்க்குளத்தைச் செங்கல் சூளைக்காரருக்குக் குத்தகைக்கு விடும் தீர்மானம் அது.

"சரிங்கய்யா" என்றவள், எல்லாத் தெருக்குழாயையும் அடைத்துவிட்டு, கூட்டம் நடக்கும் பஞ்சாயத்து ஆபீஸ் வாசல் குழாயை மட்டும் திறந்துவிட்டாள். அரை மணியில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் குடத்தோடு அங்கே வந்து வரிசையில் நின்றோம். உள்ளே தீர்மானம் வாசிப்பது ஜன்னல் வழியே கேட்டது.

"எங்க குளத்தையா?" என்று காளீஸ்வரி அக்கா குடத்தாலேயே கதவை இடித்தாள்.

தலைவர் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். "யாருடி இவளுகளுக்குச் சொன்னது?"

"நான் மூச்சே விடலைங்கய்யா. நூறு கையெழுத்து கேட்டீங்க, நூறு கையும் வாசலுக்கே வந்திருக்கு. நோட்டைக் குடுங்க, போடுறாங்களான்னு பாப்போம்."

ஒருத்தியும் போடவில்லை. குளம் தப்பியது.

நாங்கள் மெச்சியபோது வேலுத்தாய் சிரிக்கவில்லை. "போன வருஷமும் இந்தக் குழாய் இங்கதான்க்கா இருந்துச்சு. எனக்குத்தான் புத்தி வரலை" என்றாள்.

போன வருஷம் இதே நோட்டால்தான் எங்கள் மேய்ச்சல் நிலம் போனது. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. இப்போது என் மாட்டை ரோட்டோரம் கட்டுகிறேன். ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் எழுந்து ஓடிப் பார்க்கிறேன்.