மூன்று சொல் ஓலை

நாணல்பட்டி ஏரிக்கரை உடைந்து போச்சு. ஆறு மாதமாய் அடைப்பார் இல்லை.

அடைக்க வேண்டியவன் ராஜா நல்லமாறன். எந்தக் காலத்திலோ அந்தச் சீமையை ஆண்டவன். கதைப் பைத்தியம். முறையீடு என்று போனால் கொட்டாவி விடுவான். "மூன்று சொல் தருவோம். வைத்துக் கதை சொல். கதையில் நடப்பதுதான் நம் ஆணை" என்பான்.

சொல் எடுத்துக் கொடுப்பவர் அவைப்புலவர் அம்பலக்கூத்தர். வற்றிய ஏரிக்குள் அவருடைய வெள்ளரிக்கொடி படர்ந்திருந்தது. ஏரி நிறைந்தால் வெள்ளரி போச்சு. புரிகிறதா?

ஐப்பசி மழைக்கு இருபது நாள் இருக்கையில் ஊர் மருத்துவச்சி அரண்மனைக்கு வந்தாள். இந்த மழையையும் விட்டால் நடவு இல்லை. ஊர் காலி.

"யாருக்கு வைத்தியம்?" என்றார் புலவர்.

"ஏரிக்கரைக்கு, சாமி. உங்க வாய்க்கு வேணும்னாலும் மருந்து இருக்கு."

ராஜா சிரித்துவிட்டான். புலவர் முகம் கறுத்தது. எழுத்தாணியால் கீறி ஓலையை நீட்டினார்.

எரி. கோடை. கொல்.

அவள் வாங்கிப் படித்தாள். இதை வைத்து எந்தக் கதை கட்டினாலும் ஊர்தான் சாகும். அவள் வாயாலேயே ஆணை.

மறுபடி பார்த்தாள். சுவடி பார்த்து மருந்து அரைக்கிறவள். குறிலா நெடிலா என்று யோசிக்காமல் அரைத்தால் ஆள் போய்விடும் என்று தெரிந்தவள்.

"சொல்லட்டுமா, மகாராஜா? ஒரு ராஜா. கையிலே கோல். மழைக்கு முன்னே ஒரு ஏரியை அடைக்கக் கொடை கொடுத்தார். அதுக்குள்ளே வெள்ளரி போட்ட பெரிய மனுஷர் முதல் கூடை மண் சுமந்தார். அவ்வளவுதான்."

புலவர் துள்ளினார். "பொய்! ஏரி இல்லை, எரி! கொடை இல்லை, கோடை! அது கொல்!"

"அப்படியா? புள்ளி எங்கே, சாமி?"

அந்தக் காலத்து ஓலையில் புள்ளி வைப்பதில்லை. வைத்தால் ஓலை கிழியும். எ, ஒ குறில் என்று காட்டுவதே அந்தப் புள்ளிதான்; அது இல்லாவிட்டால் எ-வும் ஏ-வும் ஒன்று, ஒ-வும் ஓ-வும் ஒன்று.

ராஜா ஓலையை வாங்கிப் பார்த்தான். "இவள் படித்ததும் சரிதான். ஆமாம் புலவரே, ஒரு ஊருக்கு எரி, கொல் என்று ஏன் எழுதினீர்?"

புலவர் தூணைப் பார்த்தார்.

"வெள்ளரி யாருடையது?"

புலவர் மெல்லத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"சரி. கதைப்படியே நடக்கட்டும்" என்றான் ராஜா. தன் முத்துமாலையைக் கழற்றி, கரைக்குக் கொடையாக அவளிடம் கொடுத்தான்.

பதினெட்டாம் நாள் கரை எழுந்தது. முதல் கூடை புலவர் தலையில். இருபதாம் நாள் மழை கொட்டியது. ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

ராஜா தன் பெயரைக் கல்லில் வெட்டி மதகில் நட்டான். நட்டுக்கொள்ளட்டும். அடைத்தவள் மருத்துவச்சி உலகம்மை.