வெந்நீரின் சூட்டைத் திருடியது யார்?

மருதூர் அரண்மனையில் ஒரு சட்டம் இருந்தது. அரசர் முன்னால் எதையும் மூடி எடுத்து வரக் கூடாது. சோற்றுப் பானையோ வெந்நீர்க் குடமோ, எல்லாம் வாயைத் திறந்துகொண்டே வர வேண்டும். மூடினால் உள்ளே பாம்பு இருக்கலாமாம். அதனால் அரண்மனை முழுக்கத் தேடினாலும் ஒரு மூடி கிடைக்காது. அரசர்களுக்குப் பயம் அதிகம், போகட்டும். ஆனால் அந்தப் பயத்தின் பலன் யார் தலையில் விழுந்தது தெரியுமா? கேளுங்கள்.

ஒரு சனிக்கிழமை காலை. அரசர் வீரகண்டராயர் உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் சுமக்கும் கொளஞ்சி செப்புக் குடத்தைச் சுமந்து வந்து அண்டாவில் ஊற்றினாள். அரசர் விரலை விட்டுப் பார்த்தார்.

"வெதுவெதுப்பாக இருக்கிறதே! என் சூடு எங்கே?"

பக்கத்தில் நின்ற மந்திரி மழவராயர் முந்திக்கொண்டார். "அடுப்பில் தளதளவென்று கொதித்ததை நானே பார்த்தேன், அரசே. நடுவில் இருந்தது இவள் ஒருத்திதான். சூட்டைத் திருடிவிட்டாள். உள்ளங்கையைப் பாருங்கள், எப்படிச் சிவந்திருக்கிறது!"

சூட்டைத் திருடி அவள் என்ன செய்வாள், முந்தானையில் முடிந்துகொள்வாளா? ஒருவரும் கேட்கவில்லை. வெந்நீர் அடுப்பு போன மாதம் வரை குளியலறைச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. புகை தன் பட்டுத் தலைப்பாகையில் படிகிறது என்று மழவராயர்தான் அதை முந்நூறு அடி தள்ளி வைத்தார். அதையும் ஒருவரும் சொல்லவில்லை.

அரசர் எண்ணெய் வடிய வடியச் சிம்மாசனத்தில் ஏறினார். இரண்டு முறை வழுக்கினார். காவலர் இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

"சூடு யாரிடம் போய்ச் சேர்ந்ததோ அவரே திருடர். மொட்டையடித்து ஆற்றுக்கு அக்கரையில் விடுங்கள்!"

"சாமி, அக்கரையில எனக்கு யாரையும் தெரியாது. வீட்டுல கைக்குழந்தை இருக்கு," என்று கொளஞ்சி அழுதாள். நாவிதர் கத்தியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டார்.

அப்போது செங்கமலம் எழுந்தாள். அந்த அவையில் வழக்குப் பேசும் ஒரே பெண். அவள் வாயைத் திறந்தால் அரசருக்குத் தலைவலி. திறக்காவிட்டால் பொழுது போகாது.

"அரசே, இந்தச் சட்டம் எல்லோருக்கும் உண்டா, கொளஞ்சிக்கு மட்டுமா?"

"எல்லோருக்கும்தான்!" என்றார் அரசர். "எவராக இருந்தாலும்!" என்று மழவராயரும் சேர்ந்துகொண்டார்.

"நல்லது. அப்படியானால் அடுத்த குடத்தை நேர்மையான ஒருவர் கொண்டு வரட்டும். மழவராயரே, நீங்களே கொண்டு வாருங்களேன்."

மறுக்க முடியுமா? மழவராயர் கொதிக்கும் குடத்தை மேல்துண்டால் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். வழியில் ஒரு கல்லின் மேல் இறக்கி வைத்து இளைப்பாறினார். வந்து சேர்ந்தபோது தண்ணீர் வெதுவெதுப்பு. மந்திரியின் மார்பு தக்காளிப் பழம்.

"சூடு இங்கே இருக்கிறது!" என்றாள் செங்கமலம். "அந்தக் கல்லும் சுடுகிறது. ஆவி போன காற்றுக்கும் பங்கு உண்டு. எல்லோரையும் பிடியுங்கள்!"

காவலர்கள் கல்லுக்கு எங்கே விலங்கு மாட்டுவது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். இரண்டு பேர் காற்றைப் பிடிக்க ஈட்டியோடு ஓடினார்கள்.

மழவராயர் அலறினார். "நான் எடுக்கவில்லை! அதுவாக வந்தது!"

"கொளஞ்சிக்கும் அதுவாகத்தான் வந்தது. சூடு எப்போதும் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கம் போகும். இரண்டும் சமமாகும்வரை நிற்காது. உங்களிடம் உத்தரவு கேட்காது."

"எனக்கு இப்போது குளிக்க வேண்டும்!" என்று அரசர் கத்தினார். எண்ணெய் கண்ணில் இறங்கியிருந்தது.

மழவராயர் உடனே அடுப்பிலிருந்து ஒரு நெருப்புக் கங்கை இடுக்கியால் தூக்கி வந்து அண்டாவில் போட்டார். "கொதிநீரைவிடப் பல மடங்கு சூடு, அரசே!" சொய்ங் என்றது. தண்ணீர் கறுத்தது. சூடு மட்டும் ஏறவில்லை.

"கங்கு செக்கச்செவேல் என்றுதான் இருந்தது," என்றாள் செங்கமலம். "ஆனால் கையளவு கங்கு. அண்டா நிறையத் தண்ணீர். பங்கு வைத்தால் யாருக்கு என்ன கிடைக்கும்?"

"தீர்ப்பு தீர்ப்புதான்!" என்றார் அரசர். "இருவருக்கும் மொட்டை. அதற்கு முன்னால் சுவரை ஒட்டிப் பழைய இடத்திலேயே அடுப்பை மூட்டுங்கள்!"

மூட்டினார்கள். இரண்டடி தூரத்திலிருந்து ஆவி பறக்க வெந்நீர் வந்தது. அரசர் சீயக்காய் தேய்த்து, ஆகா ஆகா என்று குளித்தார். செங்கமலம் திரைக்கு வெளியே, தண்ணீர் வடியும் மடையில் ஒரு சட்டியை வைத்துப் பிடித்தாள். அரசர் உடுத்தி வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்ததும் அதை நீட்டினாள்.

"விரலை விடுங்கள், அரசே."

"வெதுவெதுப்பாக இருக்கிறது."

"உங்கள் தலையில் ஊற்றியபோது?"

"சுடச்சுட இருந்தது."

"நடுவில் இருந்தது யார்?"

அரசர் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். நன்றாகச் சிவந்து, கதகதவென்று இருந்தது. "நான்... நான் ஒருவன்தான்."

நாவிதர் கத்தியும் கையுமாக அரசரின் தலையையே பார்த்தார். எங்கிருந்து தொடங்கலாம் என்று யோசிப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

அரசர் முதலில் விழித்தார். பிறகு சிரித்தார். சிரித்த சிரிப்பில், சிம்மாசனத்தில் மிச்சமிருந்த எண்ணெய் மூன்றாவது முறையும் அவரைக் கீழே இறக்கியது.

"விடுதலை! கொளஞ்சி, கல், காற்று, நான், எல்லோருக்கும் விடுதலை! செங்கமலம், என்ன பரிசு வேண்டும்?"

"பழி சுமந்தவள் கொளஞ்சி. அவளைக் கேளுங்கள்."

கொளஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குடத்துக்கு ஒரு மூடி, சாமி. மேல போர்த்த கனமா ஒரு துணியும் குடுத்தா நல்லது."

அரசர் மூடி கேட்டார். அரண்மனையில் ஏது மூடி? எல்லோரும் நாலாபக்கமும் பார்த்தார்கள். கடைசியில் எல்லார் கண்ணும் ஒரே இடத்தில் போய் நின்றது. மழவராயர் இரு கைகளாலும் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார்.

"அரசே, இது பட்டு!"

"பட்டுன்னா ரொம்ப நல்லதுங்க," என்றாள் கொளஞ்சி, குடத்தைக் கிட்டே நகர்த்தியபடி. "சூட்டை லேசுல விடாது."