ஓடம் ஏறாத குதிரை

குதிரைகள் கப்பலேறி வந்த காலம் அது. மருதங்கரை நாட்டைக் கொற்றவேல் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவனுக்குக் குதிரைப் பைத்தியம். லாயத் தலைவர் மழுவரையருக்கோ, ராஜா யாரைப் பார்த்துச் சிரித்தாலும் வயிறு எரியும். மந்திரி பூதனாரைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அன்றைக்குச் சோறே இறங்காது.

ஒருநாள் துறைமுகத்திலிருந்து ஒரு வெள்ளைக் குதிரை ஆற்றங்கரைக்கு வந்தது. ஆசை தாங்காமல் ராஜாவே பரிவாரத்தோடு அங்கே வந்து காத்திருந்தான். அரண்மனை அக்கரையில். குதிரையோ ஓடத்தைக் கண்டதும் காலை ஊன்றி நின்றுவிட்டது. மழுவரையர் சவுக்கை ஓங்கினார்.

"கையை இறக்கும்," என்றான் ராஜா. "போன தடவை நீர் அடித்து ஏற்றிய குதிரை ஈரப்பலகையில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டது போதாதா?"

மழுவரையருக்கு முகம் கறுத்துப்போயிற்று. "அப்படியானால் மந்திரியாரே ஏற்றட்டும் மகாராஜா. அடிக்கக் கூடாது, இழுக்கக் கூடாது. பொழுது சாய்வதற்குள் ஏற்றாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைக்கட்டும்."

வேடிக்கை என்றால் ராஜாவுக்கு வெல்லம். "நல்லது, அப்படியே ஆகட்டும்," என்றுவிட்டான்.

மோதிரம் போனால் மந்திரி பதவியும் போச்சு. பூதனார் பதறவில்லை. ஓடத்துப் பலகைமேல் மண் கொட்டி வைக்கோல் பரப்பச் சொன்னார். இனிக் குளம்பு வழுக்காது, பலகையும் சத்தம் போடாது. பிறகு கொள்ளு வேகவைக்க ஆள் அனுப்பினார்.

'ஆசை காட்டித்தானே ஏற்றப் போகிறான்!' என்று மழுவரையர் முந்திக்கொண்டார். குதிரைக்கு வயிறு முட்டப் புல்லைப் போட்டார். கொள்ளுக் கூடை வந்தபோது குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பாவம், அதற்குப் பசியில்லை போலிருக்கிறது," என்றார் மழுவரையர், வாயெல்லாம் பல்லாக.

பூதனார் பக்கத்தில் நின்ற உப்பு வணிகரிடம் ஒரு கிழக் கழுதையைக் கேட்டு வாங்கினார். அதை ஓடத்தில் ஏற்றி, கூடையை அதன்முன் வைத்து, கழுத்தையும் தடவிக் கொடுத்தார். கழுதை சுகமாக மென்றது. கரையில் நின்ற குதிரை காதை விறைத்தது. ஒருமுறை கனைத்தது. அப்புறம் விறுவிறுவென்று ஓடத்தில் ஏறி, கழுதையை மூக்கால் தள்ளிவிட்டுக் கூடைக்குள் வாயை வைத்தது.

"பசிக்கு ஏறாதது பொறாமைக்கு ஏறிவிட்டது மகாராஜா," என்றார் பூதனார்.

ராஜா சிரித்துக்கொண்டே ஓடத்தில் ஏறினான். "மழுவரையரே, நீரும் வாரும்."

"தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றுகிறது மகாராஜா. நான் நாளைக்கு வருகிறேன்." பூதனாரோடு ஒரே ஓடத்தில் உட்கார அவருக்கு மனசில்லை. ராஜா இரண்டு முறை கூப்பிட்டும் அசையவில்லை.

ராஜா தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தான். தன் கையாலேயே வெற்றிலை மடித்துப் பூதனாரிடம் நீட்டினான். அந்த மரியாதைக்கு மழுவரையர் எத்தனையோ வருஷமாகத் தவம் கிடந்தவர். அவரால் பொறுக்க முடியவில்லை. வேட்டி நனைய, செருப்பு ஒன்று சேற்றில் போக, ஓடத்தில் தாவி ஏறி, இருவருக்கும் நடுவே கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றார்.

ராஜா அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"பூதனாரே, இரண்டாவது குதிரையும் ஏறிவிட்டது. ஓடத்தை விடச் சொல்லும்," என்றான்.