கடலுக்குள் இறங்கிய புல்

அந்தக் காலத்தில் புல்லும் பேசும், சங்கும் பேசும். கடல் தண்ணீர் உப்பாக இருந்ததே தவிர, எந்தச் சங்கின் ஓட்டையும் அரித்ததில்லை.

கரையில் மனிதர்கள் நெருப்பு மூட்டக் கற்றார்கள். கற்றதோடு விட்டார்களா? காட்டை வெட்டி எரித்தார்கள். மண்ணைத் தோண்டிக் கரி எடுத்து எரித்தார்கள். ஊரெல்லாம் புகை. கடலுக்கு எப்போதுமே இளகிய மனசு. பிள்ளைகள் இருமுவது பொறுக்காமல், தன்னால் ஆனமட்டும் அந்தப் புகையை விழுங்கியது. விழுங்கியது உள்ளே போய்ப் புளித்தது.

அந்தப் புளிப்பில் மாட்டிக்கொண்டது ஒரு தாய்ச் சங்கு. அதன் குஞ்சுகளுக்கு ஓடு கட்டக் கட்டக் கரைந்தது. ஏழு குஞ்சுகள் செத்தன. ஒன்றே ஒன்றுதான் மிச்சம். தாய் கரையேறி, செங்கல் சூளை வைத்திருந்த ராக்கனிடம் போய் நின்றது.

“அண்ணே, ஒங்க பொகையாலதான் எம்புள்ளைக சாகுது. கொஞ்சம் அணைங்கண்ணே.”

“சூளைய அணைச்சுட்டு எம்புள்ளைகளுக்கு எதத் திங்கக் குடுப்பேன், தாயி?” என்றான் ராக்கன். கெட்டவன் இல்லை. ஆனால் பேசிக்கொண்டே இன்னொரு கட்டையை உள்ளே தள்ளினான் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கரையோரம் நின்ற புல் இதையெல்லாம் கேட்டது.

“அழாத, நான் கடலுக்குள்ள வர்றேன்.”

“நீயா? உள்ள காத்து இல்ல, மழை இல்ல. வந்தா திரும்ப முடியாது.”

“பொகையில கலந்து வர்றதுதான் எனக்குச் சாப்பாடு. பந்தி அங்க நடக்குது, நான் இங்க நின்னு என்ன செய்ய?”

புல் இறங்கியது. உப்பு எரித்தது, நுனியெல்லாம் கருகியது. முதல் அலையே பிடுங்கிக் கரையில் எறிந்தது. மறுபடி இறங்கியது. இந்தத் தடவை மணலுக்கடியில் வேரோடு வேரைப் பின்னிக்கொண்டு நின்றது. வெயில் ஏற ஏற, தண்ணீருக்குள் கரைந்திருந்த புகையைத் தின்னத் தொடங்கியது. தன்னைச் சுற்றியிருந்த புளிப்பை அது குறைத்தது. சில நாளில், மிஞ்சிய அந்தக் குஞ்சின் ஓடு கெட்டியானது. மாடு மேய்கிற சாதாரணப் புல்! நினைத்தாலே எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ராக்கனின் சூளை மட்டும் அணையவே இல்லை.

அன்று முதல்தான் நிலத்துப் புல் கடலடியில் பூக்கிறது, இளஞ்சங்குகள் அதன் காலடியில் ஒதுங்குகின்றன. புல் எட்டாத இடத்தில் பிறக்கும் குஞ்சுகளுக்குத்தான் இன்னும் ஓடு மெலிந்துகொண்டே வருகிறது.