வராத குஞ்சுகளுக்கு ஒரு வழி

ஆம்பல்குளத்தைச் சுற்றி விலங்குகள் ஒரு நகரம் அமைத்து வாழ்ந்தன. புதருக்குப் புதர் வீடு, மரத்துக்கு மரம் குடித்தனம். காட்டிலிருந்து குளம் வரைக்கும் அகலமான ராஜபாட்டை. அதைப் பற்றி ஊராருக்குப் பெருமை தாங்காது.

மஞ்சணத்தி என்ற காட்டுக்கோழிக்கு மட்டும் அந்தப் பெருமையில் பங்கில்லை. கோடையில் குஞ்சு பொரித்தவள் அவள். பாறை இடுக்கில் தேங்கிய தண்ணீரை வைத்துத்தான் குஞ்சுகளை வளர்த்து வந்தாள். வெயில் அதையும் உறிஞ்சிவிட்டது. ஒருநாள் காலையில் பார்த்தால் இடுக்கில் வெறும் ஈரம்தான் மிச்சம்.

"அம்மா, தண்ணி!" என்றது கடைக்குட்டி.

"வாங்கடா, குளத்துக்கே போவோம்!" என்று குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ராஜபாட்டையில் கால் வைத்ததும்தான் சங்கதி புரிந்தது. வழியெல்லாம் மாடுகளின் குளம்படிக் குழிகள். நமக்கு அது குழி, குஞ்சுக்கு அது கிணறு! கடைக்குட்டி ஒன்றில் விழுந்தது. அதே நேரம் மான் கூட்டம் நாலுகால் பாய்ச்சலில் வந்தது. ஒரு மான் குழியைத் தாண்டிக் குதித்துப் போனது. மஞ்சணத்திக்கு உயிர் போய் உயிர் வந்தது.

தட்டுத்தடுமாறிக் கரைக்குப் போனால் அங்கே வேறு சோதனை. கரை செங்குத்து. ஒரு மானின் மார்பளவு உயரம். மான் தாவும், மாடு இறங்கும், கொக்கு பறக்கும். சிறகு முளைக்காத குஞ்சு என்ன செய்யும்? தண்ணீரைக் கண்ணால் பார்த்துவிட்டு எல்லாம் வீடு திரும்பின.

மஞ்சணத்தி மட்டும் பறந்துபோய்த் தன் இறகைக் குளத்தில் நனைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அந்தச் சொட்டுகளைக் குஞ்சுகளின் வாயில் விட்டாள். ஆனால் இது எத்தனை நாளைக்கு ஓடும்? குஞ்சுகள் அப்போதே துவண்டுதான் கிடந்தன.

"சபையில கேட்டுட்டு வரேன்" என்று புறப்பட்டாள்.

நகரசபை யானைப்பாறையின் உச்சியில் கூடும். அதுவும் உச்சி வெயிலில். குஞ்சு குட்டிகளைக் கூட்டி வரக் கூடாது, சத்தம் போடுமாம்! அதனால் தாய்மார் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. மஞ்சணத்தி பக்கத்துப் புதரில் குடியிருந்த துத்தி என்ற முயலிடம் குஞ்சுகளை ஒப்படைத்துவிட்டுப் பாறை ஏறினாள்.

தலைவர் திமிலன் ஒரு காட்டெருது. மலை மாதிரி உடம்பு. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற நெட்டைக்காலன் கொக்கைத் திரும்பிப் பார்த்தார். குளக்கரை விவகாரம் முழுக்கக் கொக்கின் பொறுப்பு.

"தலைவரே! விடிஞ்சதுலேர்ந்து அடையிற வரைக்கும் நான் குளத்துலதான் நிக்கிறேன்" என்றது கொக்கு. "ஒரு குஞ்சாவது ஒரு குட்டியாவது இறங்கித் தண்ணி குடிச்சு நான் பார்த்ததில்ல. வராத குஞ்சுக்கு எதுக்கு வழி?"

என்ன அறிவு, என்ன அறிவு என்று சபை தலையை ஆட்டியது.

"வழி இல்லாததாலதான்யா வரல!" என்று கத்தினாள் மஞ்சணத்தி.

"அவசியம்னா வந்திருக்கும்மா" என்றார் திமிலன். "நாங்கல்லாம் இந்த ஊர்ல வளரலையா? போ, போய்க் குஞ்சுகளைப் பாரு."

தானும் ஒரு காலத்தில் கன்றாக இருந்தது அவருக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது.

மஞ்சணத்தி அழவில்லை. அழ அவளுக்கு நேரமில்லை. நேரே குளக்கரைக்குப் போய்க் காலால் மண்ணைக் கிளறிச் சரிவு வெட்ட ஆரம்பித்தாள். துத்தியும் குஞ்சு குட்டிகளை நிழலில் உட்காரவைத்துவிட்டு வந்து சேர்ந்து தோண்டினாள். சாயங்காலம் மான்கள் வந்தன, தாவின, குடித்தன. வெட்டிய சரிவு இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"விட்டுடுக்கா" என்றாள் துத்தி. "நம்ம காலு எங்கே, அவங்க காலு எங்கே?"

"விடமாட்டேன்! நம்ம பேச்சுதானே அவங்களுக்குப் புரியல? நடந்து பார்த்தா புரியும்."

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. சபையில் ஒரு வேலையை ஏற்றுக்கொண்ட தலைவர், அதை முடிக்கிறவரை பச்சைத் தண்ணீரைக்கூடப் பல்லில் படவிடக் கூடாது. பெருமையான வழக்கம்தான். ஆனால் திமிலன் இதுவரை கஷ்டமான வேலை எதையும் ஏற்றுக்கொண்டதே இல்லை!

மறுநாள் மஞ்சணத்தி மறுபடியும் பாறை ஏறினாள்.

"ஐயா, நேத்து நீங்க சொன்னபடியே இருக்கட்டும். என் கடைக்குட்டி கீழே நிக்குது. அதைக் கூட்டிட்டுப் போய்த் தண்ணி காட்டிட்டு வாங்க. ஒரே ஒரு நடை. அதுவா நடக்கணும், அதுவா குடிக்கணும். முடிஞ்சதுன்னா நான் இனிமே வாயே திறக்க மாட்டேன்."

"இவ்வளவுதானா? ஏத்துக்கிட்டேன்!" என்றார் திமிலன்.

"நானும் ஒண்ணைக் கூட்டிட்டு வரேன்" என்று கொக்கும் துத்தியின் குட்டியைப் பொறுப்பேற்றுக்கொண்டது.

நடை தொடங்கியது. மஞ்சணத்தி பின்னாலேயே போனாள். உதவக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திமிலன் ஓர் அடி எடுத்து வைப்பார். குஞ்சு குடுகுடுவென்று ஓடிவந்து குழியில் விழும். அவர் மூக்கால் நெம்பித் தூக்கிவிடுவார். அடுத்த அடி, அடுத்த குழி.

"மாமா, இன்னும் தூரமா?"

"இதோ வந்தாச்சு."

"இப்பவும் இதோதானா மாமா?"

கொக்கின் பாடு அதைவிட மோசம். முயல்குட்டி பட்டாம்பூச்சியைக் கண்டால் வந்த வழியே ஓடியது. புல்லைக் கண்டால் படுத்துக்கொண்டது. கொக்கு தன் நெட்டைக் கால்களோடு முன்னும் பின்னும் அலைந்தது.

திடீரென்று புழுதி கிளம்பியது. மான்கள்!

"ஏய், நில்லுங்கடா! கீழே குஞ்சு இருக்கு!" என்று திமிலன் அலறினார். குஞ்சின் மேல் குடை மாதிரி நின்றுகொண்டார். மான்கள் இடித்துக்கொண்டு ஓடின.

"நாங்க எப்பவும் இப்படித்தானே ஓடுவோம் தலைவரே!" என்றது கடைசி மான்.

கரைக்கு வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. திமிலனின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கீழே குளுகுளுவென்று தண்ணீர். வழக்கமென்றால் ஒரே அடியில் இறங்கி வயிறு முட்டக் குடித்திருப்பார். இன்று முடியாது. குஞ்சு கரை விளிம்பில் நின்று எட்டி எட்டிப் பார்த்தது.

"மாமா, நீங்க குடிங்க. எனக்குத்தான் எட்டல" என்றது அது.

திமிலன் குனிந்து கரையின் உயரத்தைப் பார்த்தார்.

"கொம்புல ஏத்தி இறக்கி விட்டுடுங்க தலைவரே, யாரு பார்க்கப் போறா?" என்று மூச்சு வாங்கியபடி கொக்கு கிசுகிசுத்தது.

பின்னால் நின்ற மஞ்சணத்திக்கும் அது கேட்டது. இறக்கிவிட்டால் குழந்தை இப்போதே குடிக்கும். பெற்ற வயிறு அதற்குத்தான் துடித்தது. இருந்தாலும் அலகை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் இறக்கிடுவேன். நாளைக்கு யாருய்யா இறக்குவா?" என்றார் திமிலன். அப்படியே தலையைக் குனிந்து கொம்பைக் கரையில் பாய்ச்சினார். மண் பெயர்ந்து சரிந்தது. மறுபடி குத்தினார். சரிந்த மண்ணைக் குளம்பால் மிதித்துக் கெட்டியாக்கினார். விளிம்பிலிருந்து தண்ணீர் வரைக்கும் அழகான சாய்வு விழுந்தது.

கடைக்குட்டி தானாக இறங்கியது. தானாகக் குடித்தது. தலையைத் தூக்கி ஒவ்வொரு வாயாக விழுங்கியது. பின்னாலேயே முயல்குட்டியும் இறங்கிக் குடித்தது. மஞ்சணத்தி அப்போதுதான் அழுதாள். அதன் பிறகுதான் திமிலன் தண்ணீரில் வாய் வைத்தார்.

ராஜபாட்டையின் குழிகளை மாடுகளே மண் போட்டு மூடின. குளத்துக்குப் பக்கத்தில் மான்கள் நடந்துதான் வர வேண்டும் என்று சபை உத்தரவு போட்டது. அந்தச் சபையும் பாறையை விட்டு இறங்கி, குஞ்சு குட்டிகள் விளையாடும் மரத்தடிக்கே வந்தது. சத்தம் இருக்கத்தான் செய்தது. யாரும் செத்துப் போகவில்லை!

சில நாள் கழித்து ஒரு காலையில் கொக்கு நிற்கவே இடமில்லை. கோழிக் குஞ்சுகள், முயல் குட்டிகள், கீரிப் பிள்ளைகள், பன்றிக் குட்டிகள் என்று கரை முழுக்கக் கும்மாளம்.

"அடேயப்பா, இத்தனை குஞ்சு குட்டியும் இவ்வளவு நாளா எங்கே இருந்துச்சு?" என்றது கொக்கு.

"தாகத்தோட வீட்டுல இருந்துச்சு" என்றாள் மஞ்சணத்தி.

சின்னக் கால்கள் வரவில்லையே என்று வழியை மறுக்காமல், அவை வருவதற்கு முதலில் வழியைச் செய்கிற ஊரே நல்ல ஊர்.