வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி

மடத்து லேப்டாப் அன்று காலை மூன்றாவது முறையாகத் தானே அணைந்தபோது, செண்பகவல்லி அம்மாள் யாரும் பார்த்துவிட்டார்களா என்று வாசலை எட்டிப் பார்த்தாள்.

தாலுகா ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள். ஓய்வு பெற்ற மறு வாரமே மடத்துக்கு வந்து சேர்ந்தாள். மடத்துத் தலைவர் அடிகள் பேசுவார், அவள் டைப் அடிப்பாள். அடிகள் அவளைவிடப் பதினெட்டு வயது இளையவர். அவள் அவரைச் சாமி என்பாள், அவர் அவளை அம்மா என்பார். குரு யார், பிள்ளை யார் என்று சில நேரம் இரண்டு பேருக்குமே குழம்பிப்போகும்.

குருபூசைக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. அதற்குள் அடிகளின் பேச்சு புத்தகமாக வேண்டும். லேப்டாப்போ கால் மணிக்கு ஒரு தடவை கொதித்து மூர்ச்சை போட்டது.

காரியஸ்தர் பொன்னையா வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, கோவில்பட்டியில ஒரு பிள்ளை நல்லா டைப் அடிக்கா. சொந்த லேப்டாப்போட வாரேங்கா. நாளைக்கு வரச்சொல்லட்டுமா?"

"எதுக்கு? இதுக்கு ஒரு நோயும் கிடையாது. அழுக்கு, அம்புட்டுதான். இன்னைக்கே துடைச்சு வச்சிருதேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, அவர் போகும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இந்த நாற்காலியும் போய்விட்டால் அடிகளின் பேச்சைத் தூரத்தில் உட்கார்ந்து கேட்கும் நூறு பேரில் அவளும் ஒருத்தி. அதை நினைக்கவே அவளுக்குப் பொறுக்கவில்லை.

கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தையும் ஒரு பழைய வேட்டித் துண்டையும் எடுத்து வந்தாள். அந்தக் காலத்தில் டைப்ரைட்டரை மண்ணெண்ணெய் தொட்டு எழுத்தெழுத்தாகத் தேய்த்தவள். இது எம்மாத்திரம்? பாட்டிலைத் திரைக்கு நேரே தூக்கினாள்.

பின்னால் இருந்து ஒரு கை வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டது.

"முதல்ல இது தூங்கட்டும் அம்மா" என்றார் அடிகள்.

லேப்டாப்பை முழுதாக அணைத்தார். சார்ஜரைப் பிடுங்கினார். சூடு ஆறும்வரை தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, தன் அறையிலிருந்து ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு ரப்பர் ஊதி, பூனை மயிர் போல மெத்தென்ற பிரஷ், லென்ஸ் துடைக்கும் துணி. துறவுக்கு முன்னால் அவர் போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். துறவிக்கு இதெல்லாம் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வதென்று அவருக்கும் தெரியாது.

"வேட்டித் துணி கீறும். இதை வச்சுத் துடைங்க."

அவள் துணியை வாங்கினாள். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு சொட்டை அவர் துணியில் விட்டார்.

"திரையில விட்டா என்ன சாமி?"

"ஓரமா உள்ள இறங்கிரும். தண்ணி துணிக்கு, துணி திரைக்கு."

துடைத்தாள். முப்பத்தொரு வருஷம் கார்பன் தாள் நான்கைக் கடந்து எழுத்தைப் பதித்த விரல்கள். திரை நெளிந்தது.

"அம்மா, இது தாலுகா ஆபீஸ் சீல் இல்ல. மெல்ல."

பிறகு லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிடித்து லேசாகத் தட்டினார்கள். விசைகளுக்கு நடுவிலிருந்து ஒரு வெற்றிலைக் காம்பும் அரை முந்திரியும் விழுந்தன. அவள் முந்திரியைப் பார்க்காத மாதிரி இருந்தாள். அவரும் அவளைப் பார்க்காத மாதிரி இருந்தார்.

கடைசியில் காற்று போகும் துளைகளுக்கு வந்தார்கள். அடிகள் குனிந்து பார்த்தார். துளைகளின் மேல் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. நடுவில் குங்குமம்.

பல்குத்தும் குச்சி ஒன்றை அடைபடாத ஒரு துளை வழியே விட்டு, உள்ளே இருந்த விசிறி சுற்றாமல் பிடித்துக்கொண்டார்.

"ஏன் சாமி அதைப் பிடிக்கீங்க?"

"நாம ஊதுற காத்துல அது தறிகெட்டுச் சுத்தும். கெட்டுப்போகும்."

விட்டு விட்டு ரப்பர் ஊதியை அமுக்கினார். புஸ், புஸ். சாம்பல் நிறத்தில் பஞ்சு பஞ்சாக வந்தது. கூடவே மணமும் வந்தது. அறை முழுக்கச் சாம்பிராணி.

"இது என்ன அம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெள்ளிக்கிழமைதோறும் காட்டுவேன் சாமி. சந்தனம், குங்குமம் வச்சு, பட்டுத் துணி போத்தி வச்சிருவேன். அன்னைக்கு அதுக்கு வேலை கிடையாது."

"அணைச்சுட்டா?"

"அணைக்கலாமா? உயிரோட இருக்கணும்லா. உங்க சொல்லு இருக்கிற இடம். எனக்கு அது கருவறை."

அடிகள் ஊதியைத் துளைக்கு நேராக வைத்தார்.

"அபிஷேகத் தண்ணி வெளிய போகணும்னு கருவறைக்கே கோமுகி வச்சுத்தான் கட்டியிருக்காங்க."

புஸ் என்று இன்னொரு கொத்து வந்து விழுந்தது.

அவர் பிரஷை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"என் கையால குங்குமத்தை அழிக்க மாட்டேன் சாமி."

அவர் வற்புறுத்தவில்லை. காய்ந்த சந்தனத்தோடு குங்குமத்தையும் பிரஷால் தன் உள்ளங்கையில் உதிர்த்துக்கொண்டார். ஒரு விரலால் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"இங்க இருக்கட்டும். இங்க விசிறி கிடையாது."

அம்மாள் சிரித்துவிட்டாள். சிரித்த வாயை மூடுவதற்குள் அழுகை வந்துவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்த பொருள். ஒருத்தரையும் தொட விட்டதில்லை. கடைசியில் அதற்கு மூச்சு முட்ட வைத்தது அவள் கைதான்.

அடிகள் மேசையில் விழுந்த பஞ்சை ஒதுக்கினார். துளைகளை மறுபடி ஒருமுறை பார்த்தார். ஈரம் எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு லேப்டாப்பை உயிர்ப்பித்தார்.

கால் மணி போனது. அரை மணி போனது. அணையவில்லை. அடியில் கை வைத்தால் வெதுவெதுப்புதான் இருந்தது. விசிறிச் சத்தம்கூடக் காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

பொன்னையா கையில் போனோடு வந்தார்.

"அந்தப் பிள்ளை லைன்ல இருக்கா. என்ன சொல்லட்டும்?"

செண்பகவல்லி அம்மாள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வரச்சொல்லுங்க. நான் இதைத் தொடப்படாது."

யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள், அதனால் இன்னும் வலித்தது.

பொன்னையா அடிகளைப் பார்த்தார். அடிகள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன மாசப் பேச்சுல நாலு இதுல இல்லையே. என்னம்மா காரணம்?"

"அது நாலும் வெள்ளிக்கிழமை பேசினது சாமி. சொன்னேன்லா, அன்னைக்குப் பூசை."

அடிகள் தலையை ஆட்டினார். வெளியே யாரோ தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது. அம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். மனதில் கிடந்ததைக் கேட்காமல் அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

"சாமி, சாம்பிராணி காட்டக்கூடாது. சந்தனம் வைக்கக்கூடாது. பட்டு போத்தக்கூடாது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. இதுக்குன்னு நான் என்னதான் செய்ய?"

அடிகள் பொன்னையாவிடம் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டார்.

"வந்து டைப் அடிங்க அம்மா."