தன்னையே தின்ற கரண்டுப் பெட்டி

நெட்டுக்காட்டுப்புதூரில் மூன்று பேர் சேர்ந்து யோசிக்க உட்கார்ந்தால், பக்கத்து ஊர்க்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வருவார்கள். வெள்ளியங்கிரி, ஆறுக்குட்டி, குருந்தாசலம் என்று அந்த மூவருக்கும் பெயர். தங்கமான மனிதர்கள். மூளையைச் செலவு செய்யாமல் புத்தம் புதிதாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

வெள்ளியங்கிரியின் மனைவி தெய்வாத்தாள் இன்குபேட்டரில் நாட்டுக்கோழி முட்டை வைத்துக் குஞ்சு பொரிப்பவள். அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் புறப்படும்போது அவனிடம் சொன்னாள்: "ஏனுங்க, வெள்ளிக்கெழம பராமரிப்புன்னு பகல் பூராக் கரண்ட் இருக்காதாமா. அன்னைக்குத்தான் குஞ்சு வெளிய வரும். சூடு கொறையாமப் பாத்துக்கோங்க. முட்ட கெட்டுப்போச்சுன்னா நான் அண்ணன் ஊட்டுலயே இருந்துக்குவேன்."

அவள் புறப்பட்டதும் வெள்ளியங்கிரி கூட்டாளிகள் இருவரிடமும் ஓடினான். தெய்வாத்தாள் மேல் அவனுக்கு உயிர். அவள் இல்லாவிட்டால் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

"மலைல கூடாரம் போட்டுத் தங்கறவங்க தூக்கிட்டுப் போற பேட்டரிப் பெட்டி ஒண்ணு இருக்குதுடா," என்றான் ஆறுக்குட்டி. "வாங்குனா உன்ற ஊட்டுக்கும் ஆச்சு, நாம மலைக்குப் போறதுக்கும் ஆச்சு."

டவுனில் கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். "சின்னது லைட்டுக்கும் போனுக்கும் சரிங்க. நடுவாந்தரம் இன்குபேட்டரத் தாங்கும். பெருசு ஃபிரிட்ஜே ஓட்டும், ஆனாக் கனமுங்க. மலைக்குன்னா ஒருக்காத் தூக்கிப் பாத்துட்டு எடுங்க."

வெள்ளியங்கிரி பெரியதைத் தூக்கினான். முழி பிதுங்கியது.

குருந்தாசலம் கேட்டான்: "இதுல சார்ஜ் இருக்குதுங்களா?"

"கொஞ்சம் இருக்குதுங்க."

"அதான் கனம். தண்ணியோட கொடத்தத் தூக்கிப் பாத்தா கொடத்தோட கனம் எப்படித் தெரியும்? காலி பண்ணிக் குடுங்க."

கடைக்காரர் பொறுமைசாலி. கடையில் இருந்த காற்றாடிகளை எல்லாம் அந்தப் பெட்டியில் மாட்டி ஓடவிட்டார். சார்ஜ் தீர்ந்ததும் வெள்ளியங்கிரி மறுபடியும் தூக்கினான். "இப்பப் பஞ்சாட்டம் இருக்குதுங்க," என்றான், முன்பைவிட அதிகமாக மூச்சு வாங்கிக்கொண்டு.

பெரியதே முடிவானது. வெயிலில் சார்ஜ் ஏற்றும் சோலார் தகட்டையும் அதோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கும்போது கடைக்காரர் சொன்னார்: "எப்பவும் நூறு காட்டோணுமுங்க. கொறஞ்சா ஒடனே சார்ஜ் போட்டுருங்க."

வெள்ளிக்கிழமை காலையில் கரண்ட் போனது. பெட்டி நூறு காட்டியது. இன்குபேட்டரை அதில் சொருகியதும் விளக்கு எரிந்தது, வெள்ளியங்கிரிக்கும் போன உயிர் திரும்பியது. சற்று நேரத்தில் நூறு தொண்ணூற்றொன்பதானது.

"கொறஞ்சிருச்சு!" என்று அலறினான் ஆறுக்குட்டி. "ஒடனே சார்ஜ் போடச் சொன்னாருல்ல?"

"ஊருக்கே கரண்ட் இல்லியே, எங்கடா போய்ப் போடறது?" என்றான் வெள்ளியங்கிரி.

குருந்தாசலம் கண்ணை மூடி யோசித்தான். "ஊருக்குள்ள இப்பக் கரண்ட் எங்க இருக்குது?"

"இந்தப் பெட்டிலதான்."

"அப்பறமென்ன? இதுலயே போடு."

பெட்டியின் சார்ஜர் வயரை எடுத்துப் பெட்டியிலேயே சொருகினார்கள். பெட்டி 'ஙொய்ங்' என்று இரைந்தது. தொண்ணூற்றெட்டு ஆனது.

"பசி எடுத்திருச்சு அதுக்கு," என்றான் குருந்தாசலம். "அதே திங்கட்டும். நடுவுல இன்குபேட்டர் பங்குக்கு வந்தா எப்படி வயிறு ரொம்பும்?"

நியாயம்தானே? இன்குபேட்டரைப் பிடுங்கிவிட்டார்கள். பெட்டி ஒண்டியாக உட்கார்ந்து தன்னைத் தானே தின்று, மதியத்துக்குமேல் சைபர் காட்டி அணைந்தது.

வெள்ளியங்கிரி முட்டையைத் தொட்டுப் பார்த்தான். சூடு இறங்கிக்கொண்டிருந்தது. "தெய்வாத்தா போயிருவாடா!" என்று அழுதேவிட்டான். அழுதபடியே ஒரு முட்டையை அக்குளில் வைத்துக்கொண்டான். அதைப் பார்த்து மற்ற இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் முட்டையை அக்குளிலும் பனியனுக்குள்ளும் வாங்கிக்கொண்டார்கள். மலைக்கென்று வாங்கிய கூடாரத்தை ஹாலிலேயே விரித்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூவரும் அசையாமல் படுத்தார்கள்.

சாயங்காலம் கரண்டும் தெய்வாத்தாளும் ஒன்றாக வந்தார்கள். கூடாரத்துக்குள் கீச்சுக்கீச்சென்று சத்தம். திறந்தால் புருஷன் பனியனிலிருந்து நாலைந்து குஞ்சுகள் எட்டிப் பார்க்கின்றன.

"பெட்டி வாங்குனீங்களாமே?"

"அதுக்கே பத்தல புள்ள. நீ இங்கியே இருப்பியா?"

தெய்வாத்தாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் போயிட்டா இந்தக் குஞ்சுகளோட சேத்து உங்களையும் ஆருங்க மேய்க்கறது?"

ஆறுக்குட்டியிடம் இருந்த ஒரு முட்டை மட்டும் பொரியவில்லை. "நாளைக்கு வருமுங்க," என்று அதை இன்குபேட்டரில் வைத்தாள் அவள். ஆனால் ஆண்கள் மூவருக்கும் அன்று சோறு இறங்கவில்லை. ஏன் பொரியவில்லை என்று பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

மறுநாள் மிளகாய் காயப்போட மொட்டைமாடிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பெட்டியோடு வந்த சோலார் தகடு ஒரு பக்கம் விரிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் ஆறுக்குட்டி, இரண்டு அக்குளையும் சூரியனுக்குக் காட்டியபடி மல்லாந்து கிடந்தான். வெயில் நகர நகர மற்ற இருவரும் அவனைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன கூத்துங்க இது?"

"இவனுக்கு நேத்துச் சார்ஜ் பத்தலைங்க அம்மிணி," என்றான் குருந்தாசலம். "மூக்கு செவந்திருக்குது பாருங்க, அறுபது ஏறியிருக்கும். நூறானதும் கூப்பிடறோம், முட்டைய எடுத்துட்டு வாங்க."

"மெதுவாத் திருப்புங்கடா," என்று படுத்தபடியே அதட்டினான் ஆறுக்குட்டி, "ஏறுனது சிந்திரப் போகுது!"